சபைக்காரங்க வீட்டு டூ-லெட் போர்டு

கோவத்துலதான் எழுத உட்கார்ந்திருக்கேன். ஆறட்டும்னு விட்டுப் பார்த்தேன். ஆறல.

தொம்மலூர் தெரியாதவங்களுக்கு முதல்ல ஊரைச் சொல்லிடுறேன். ஒரு பக்கம் பழைய ஊரு. தமிழ்க் கல்வெட்டு இருக்கிற சொக்கநாதசுவாமி கோயில், தாத்தா காலத்துலேர்ந்து இங்கேயே இருக்கிற தமிழ்க்காரங்க, சந்துக்குள்ள சந்து. இன்னொரு பக்கம் எம்பசி கோல்ஃப் லிங்க்ஸ் கண்ணாடிக் கட்டடங்க, கம்பெனி பஸ்ஸு, இந்திராநகர் விலையில காபி. நடுவுல ஃப்ளைஓவர். வாடகைக்கு வீடு தேடி அலையிற கூட்டம் இங்க எந்த மாசத்துலயும் குறைஞ்சதில்ல.

என் தோழி ஒருத்தி, திருநங்கை. ஒரு கம்பெனியில கஸ்டமர் சப்போர்ட்ல இருக்கா. சம்பளம் தேதி தவறாம வந்துடும். ஆதார்ல பேரு மாத்தியாச்சு. பேங்க் ஸ்டேட்மென்ட் கையில ரெடி. இருந்த வீட்டை ஓனர் மகனுக்குக் கல்யாணம்னு காலி பண்ணச் சொல்லிட்டாங்க. "அக்கா, நீங்களும் கூட வாங்க. குடும்பஸ்தி ஒருத்தர் பக்கத்துல நின்னா பேச்சு கொஞ்சம் சுலபமா முடியும்"னா. போனேன்.

மாடியில ஒரு சின்ன வீடு. ஓனர் ஆன்ட்டி கீழ் வீட்டுல. வாசல்ல, இயேசுதான் இந்த வீட்டுக்குத் தலைவர்ங்கிற பலகை. எனக்கு அதைப் பார்த்ததும் மனசு நிறைஞ்சுபோச்சு. நம்ம ஆளுங்க! ஆன்ட்டியும் "எந்தச் சபைம்மா?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். திருநெல்வேலிப் பக்கம்னதும் "அசனத்துக்கு ஊருக்குப் போவீங்களா?"ன்னு முகமெல்லாம் சிரிப்பு. காபி வந்துச்சு. அட்வான்ஸ், தண்ணி மோட்டார், கேட்டு எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க, எல்லாம் பேசி முடிச்சாச்சு.

அதுவரைக்கும் பேசினது நான்தான். தோழி வாயைத் திறந்து, "ஆன்ட்டி, துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகலாமா?"ன்னு கேட்டா.

அவ்வளவுதான். குரலைக் கேட்டதும் ஆன்ட்டி முகம் மாறிப்போச்சு.

"மேல ரெண்டு ஃபேமிலி இருக்காங்க பாருங்க... அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்." அப்புறம் என்னை மட்டும் கேட்டுப் பக்கத்துல நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காத கண்ணு. நமக்கு வேதத்துல இதெல்லாம் கூடாதுன்னு இருக்குல்ல?"

"ஆன்ட்டி, வாடகைக்கு வீடு குடுக்கக்கூடாதுன்னு வேதத்துல எங்க இருக்கு?"

பதில் இல்ல. கேட்டு சாத்திட்டாங்க.

தெருமுனைக்கு வந்ததும் தோழி, "விடுங்கக்கா, காபி நல்லா இருந்துச்சு"ன்னா. நிஜமாத்தான் சொன்னா. எனக்கு அதைக் கேட்டுத்தான் தாங்கல.

சரி. இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம சபைகள்ல இந்தப் பேச்சை எடுத்தாலே ரெண்டு கேள்வி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்குது. "இது பாவமா?"ங்கிறது ஒண்ணு. "இவங்களுக்கு வீடு, வேலை, வைத்தியம் மறுக்கலாமா?"ங்கிறது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு பதில் கிடைக்கிற வரைக்கும் ரெண்டாவது கேள்வியைத் தொடவே கூடாதுன்னு ஒரு பிடிவாதம். முதல் கேள்வியில என் நிலை என்னன்னு மறைக்கல. என் தோழியை ஆண்டவர் அவ இருக்கிறபடியே நேசிக்கிறார்னு நான் முழுசா நம்புறேன். ஆனா என்னோட ஒத்துப்போகாத ஒரு விசுவாசிகூட, ரெண்டாவது கேள்விக்கு "மறுக்கக் கூடாது, சட்டமே அதைத் தடுக்கணும்"னு சொல்ல முடியும். சொல்லியும் இருக்காங்க. சாதாரண ஆளுங்க இல்ல, பேராயர்களே.

மைக்கேல் ராம்சேன்னு ஒருத்தர். 1961லேர்ந்து 1974 வரைக்கும் கேன்டர்பரி பேராயர், அதாவது ஆங்கிலிக்கன் உலகத்துக்கே மூத்தவர். நம்ம சி.எஸ்.ஐ.யும் அந்தக் குடும்பத்தோட ஒட்டு உறவுதான். இங்கிலாந்துல ஆணும் ஆணும் உறவு வெச்சுக்கிட்டா ஜெயில்னு சட்டம் இருந்த காலம். 1954லயே இங்கிலாந்து திருச்சபையோட ஒழுக்க நல மன்றம் ஒரு அறிக்கை போட்டு, இதைக் குற்றப் பட்டியல்லேர்ந்து எடுக்கணும்னு வாதாடிச்சு. அரசாங்கத்தோட வுல்ஃபென்டன் குழு 1957ல அதையே சொல்றதுக்கு முன்னாடியே! அப்புறம் பிரபுக்கள் சபையில அந்தச் சட்டத்தை மாத்துற பேச்சு வந்தப்போ ராம்சே ஆதரிச்சார். 1967ல மாறுச்சு. இதுல முக்கியம் என்னன்னா, அவர் அதைப் பாவம்னு நினைக்கிறதை விடவே இல்ல. பாவம் எல்லாத்தையும் போலீஸ் கையில குடுக்க முடியாதுங்கிறதுதான் அவர் வாதம்.

யோசிச்சுப் பாருங்க. பொறாமை பாவம். பொய் பாவம். பெருமை எவ்வளவு பெரிய பாவம்னு மாசத்துக்கு ஒரு பிரசங்கமாவது கேட்கிறோம். பெருமைக்காரனுக்கு வாடகைக்கு வீடு தரமாட்டேன்னு ஒரு ஓனர் சொன்னா, பெங்களூர்ல பாதி வீடு பூட்டித்தான் கிடக்கணும்.

அந்த இங்கிலாந்துச் சட்டத்தோட தம்பிதான் நம்ம 377வது பிரிவு. மெக்காலே முதல் வரைவு போட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 1860ல நிறைவேறி, 1862 ஜனவரி 1ஆம் தேதி அமலுக்கு வந்துச்சு. மெக்காலேயோட அப்பா சக்கரி மெக்காலே யாருன்னு தெரியுமா? அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடின சுவிசேஷக் கிறிஸ்தவர்ல முன்வரிசைக்காரர். இதை நினைச்சா எனக்கு மனசு கனத்துப்போகுது. ஒரே வீட்டுல, ஒரே விசுவாசத்துல, விலங்கை உடைச்ச கையும் இருக்கு, புது விலங்கு செஞ்ச கையும் இருக்கு. அதனாலதான் "இது எங்க விவகாரம் இல்ல"ன்னு கிறிஸ்தவங்க ஒதுங்கிக்க முடியாதுன்னு சொல்றேன்.

377 வெறும் காகிதமா இருந்ததுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2009 ஜூலை 2ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் நாஸ் ஃபவுண்டேஷன் வழக்குல 377க்கு எதிரா தீர்ப்பு சொன்னப்போ, நம்ம பெங்களூர்ல 2004ல நடந்த ஒரு சம்பவத்தையும் எடுத்துச் சொல்லுச்சு. ஒரு திருநங்கையை ரவுடிங்க கூட்டா வன்கொடுமை பண்ணியிருக்காங்க. காப்பாத்த வேண்டிய போலீஸ் ஸ்டேஷன்லயும் அவங்களுக்குச் சித்திரவதை. அதுக்கு முன்னாடியே, 2001லயும் 2003லயும் மனித உரிமை அமைப்பான பி.யூ.சி.எல். கர்நாடகா இந்த ஊர்ல நடக்கிற கொடுமைகளை ரெண்டு அறிக்கையா போட்டுச்சு. நம்ம பஸ் ஸ்டாண்டு, நம்ம பார்க்கு, நம்ம போலீஸ் ஸ்டேஷன். வாசிச்சா ராத்திரி தூக்கம் வராது.

அந்த டெல்லி தீர்ப்பை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவங்க வரிசையில கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்துச்சு. அப்போஸ்தலிக் சர்ச்சஸ் அலையன்ஸ், உத்கல் கிறிஸ்டியன் கவுன்சில். 2013 டிசம்பர் 11ல அந்தப் பக்கம் ஜெயிச்சுச்சு, 377 திரும்ப உயிர் பெத்துச்சு. 2018ல நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்குலயும் அதே வாதத்தோட நின்னாங்க. செப்டம்பர் 6ஆம் தேதி அஞ்சு நீதிபதியும் ஒரே குரல்ல அந்தப் பிரிவோட பல்லைப் பிடுங்கினாங்க.

நாட்டுக்கு முன்னாடி கிறிஸ்தவங்கன்னு போய் நின்னது அவங்கதான்னு ஒரு எண்ணம் பரவிடுச்சு. அது முழு உண்மை இல்ல. 2013 தீர்ப்பு வந்த உடனே, அப்போ மும்பை பேராயரா இருந்த கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், கத்தோலிக்கத் திருச்சபை ஒருபால் ஈர்ப்பு உள்ளவங்களை ஒருநாளும் குற்றவாளியா பார்த்ததில்ல, தண்டனைச் சட்டத்தை நீக்குறதுக்கு எதிராவும் நின்னதில்லன்னு வெளிப்படையா சொன்னார். (திருமணத்தை அவர் ஏத்துக்கல. அதையும் சேர்த்தேதான் சொன்னார்.) ஒன்பது வருஷம் கழிச்சு, 2023 ஜனவரியில போப் பிரான்சிஸ் ஒருபால் ஈர்ப்பு குற்றம் இல்லன்னு பேட்டி குடுத்தார். அடுத்த மாசம் தென் சூடான் போயிட்டுத் திரும்புற விமானத்துல அவரும், கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பியும், ஸ்காட்லாந்து திருச்சபை மாடரேட்டரும் ஒண்ணா உட்கார்ந்து இந்தத் தண்டனைச் சட்டங்களைக் கண்டிச்சாங்க. கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், பிரஸ்பிட்டீரியர் மூணு பேரும் ஒரு விஷயத்துல ஒத்துப்போறதே அபூர்வம்!

நம்ம ஊர்ல? மில்லர்ஸ் ரோடு பக்கம் போயிருக்கீங்களா, பென்சன் டவுன்ல? 1910ல ஆரம்பிச்ச யுனைடெட் தியலாஜிக்கல் காலேஜ் அங்கதான் இருக்கு. பி.டி. தேவானந்தன், எம்.எம். தாமஸ் மாதிரி பெரியவங்க வளர்த்த, மதத்தையும் சமூகத்தையும் ஆராயுற சி.ஐ.எஸ்.ஆர்.எஸ். நிறுவனமும் அந்த ரோட்டுலதான். சபைகள்ல இருக்கிற இந்த வெறுப்பைப் பத்தியே 'டிஸ்ரப்டிவ் ஃபெய்த், இன்க்ளூசிவ் கம்யூனிட்டீஸ்'னு அவங்க 2015ல ஒரு தொகுப்பு கொண்டுவந்தாங்க. நாக்பூர்ல தலைமையகம் வெச்சிருக்கிற இந்திய தேசியத் திருச்சபைகள் மன்றம், அதான் என்.சி.சி.ஐ., 'ஈஷா'ன்னு ஒரு திட்டமே நடத்திச்சு. பால், பாலினம், பாகுபாடு பத்தி இறையியல் மாணவர்கள்கிட்டயும் போதகர்கள்கிட்டயும் பேசுறதுக்காக. 2017ல அதுக்குன்னு தனி வாசிப்பு நூலும் வந்துச்சு. செங்கல்பட்டுப் பக்கத்துல இவாஞ்சலிக்கல் சர்ச் ஆஃப் இந்தியாவுல பாரதின்னு ஒரு திருநங்கை போதகராவே ஊழியம் பண்ணியிருக்காங்க.

ஆக, நம்ம பக்கத்துல சொல்றதுக்கு ஆள் இல்லாம இல்ல. மில்லர்ஸ் ரோட்டுல பேசினது தொம்மலூர் ஆன்ட்டி வீட்டு வாசல் வரைக்கும் வந்து சேரல. எனக்கு வருத்தம் அதுதான். இங்கிலீஷ் புத்தகமாவும் கருத்தரங்கமாவும் நின்னுபோச்சு. ஞாயித்துக்கிழமைப் பிரசங்கமா அது மாறல.

ஆனா வாசலைத் திறந்தவங்களும் உண்டு. இந்த ஒரு கதையை நான் பார்க்கிறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

கொச்சியில 2016 கடைசியில, படிப்பைப் பாதியில விட்ட திருநங்கை, திருநம்பிகளுக்காக 'சஹஜ்'னு ஒரு பள்ளிக்கூடம் தொடங்க நினைச்சாங்க. கட்டடம் கேட்டு ஏறி இறங்காத வாசல் இல்ல. எல்லாரும் கையை விரிச்சாங்க. கடைசியில இடம் குடுத்தது யாரு? சி.எம்.சி. கார்மல் சபைக் கன்னியாஸ்திரிகள். தொடங்கி வெச்சது நம்ம தமிழ்நாட்டு கல்கி சுப்ரமணியம். அடுத்த வருஷம் கொச்சி மெட்ரோவுல திருநர்களை வேலைக்கு எடுத்தாங்க. நாடே கைதட்டுச்சு. சில பேர் சீக்கிரமே வேலையை விட்டுட்டாங்க. காரணம்? ஊருக்குள்ள தங்க வாடகை வீடு கிடைக்கல! அப்பவும் இடம் தர்றோம்னு முன்னால வந்தது இந்த சிஸ்டருங்கதான். அவங்க வேதத்தைத் திருத்தி எழுதல. கதவைத் திறந்தாங்க.

ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடல. சிஸ்டருங்க இல்லாத ஊர்ல? நல்ல மனசு இருக்கிற ஓனர் கிடைக்கிற வரைக்கும் ஒருத்தி லாட்ஜுல காசைக் கொட்டணுமா? அதனாலதான் சட்டம் வேணும்னு அடிச்சுச் சொல்றேன்.

"சட்டம்தான் இருக்கே"ன்னு சொல்வீங்க. பார்ப்போம்.

2014 ஏப்ரல் 15ல, திருநரோட அடையாளத்தை ஏத்துக்கிட்டு சுப்ரீம் கோர்ட்டோட நால்சா தீர்ப்பு வந்துச்சு. அடுத்த வருஷம் ஏப்ரல்ல நம்ம திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா ராஜ்யசபாவுல நிறைவேறுச்சு. தனிநபர் மசோதா ஒண்ணு அந்த அவையில நிறைவேறி பல வருஷம் ஆகியிருந்துச்சு. தமிழ் வாசகருங்க இதுக்குக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கலாம். ஆனா அது லோக்சபாவைத் தாண்டல. அரசாங்கம் தன்னோட சட்டத்தை 2019ல கொண்டுவந்துச்சு. அதுல 3வது பிரிவு நல்லாத்தான் இருக்கு. படிப்பு, வேலை, வைத்தியம், வாடகை வீடு, எதுலயும் திருநருக்குப் பாகுபாடு காட்டக்கூடாதுன்னு அச்சாவே போட்டிருக்கு. சரி, காட்டினா? தண்டனை சொல்ற 18வது பிரிவைப் புரட்டினா, குடியிருக்கிற இடத்தை விட்டுத் துரத்தினா தண்டனை. பொது இடத்துக்குள்ள விடாட்டி தண்டனை. வீட்டை வாடகைக்கே தரலன்னா? அங்க ஒண்ணும் இல்ல. இன்னொரு கொடுமையும் இருக்கு. பாலியல் வன்முறைக்குக்கூட அந்தச் சட்டத்துல ஆறு மாசத்துலேர்ந்து ரெண்டு வருஷம் வரைக்கும்தான்.

இது திருநருக்கு. ஒருபால் ஈர்ப்பு உள்ளவங்களுக்கு அதுவும் இல்ல. 2018 தீர்ப்பு அரசாங்கத்தோட கையைக் கட்டும். தனியார் கம்பெனி மேனேஜரையும் வீட்டு ஓனரையும் தொடாது.

கர்நாடகா இதுல பின்தங்கின மாநிலமும் இல்ல. 2021ல அரசு வேலையில திருநருக்கு 1 சதவீத இட ஒதுக்கீடு, அதுவும் எல்லா வகுப்புக்குள்ளயும் குறுக்கா ஓடுற மாதிரி, முதல்ல குடுத்தது இங்கதான். சங்கமா, ஜீவா அமைப்புகள் கோர்ட்டுல போராடி வாங்கினது. ஆனா அரசு வேலை கிடைச்சவளுக்கும் ராத்திரி தலை சாய்க்க ஒரு வீடு வேணும்ல?

இப்போ எங்க வீட்டு ஜெபக்குழு கதை. (எல்லாரும் தொம்மலூர், ஈஜிபுரா, விவேக் நகர்ப் பக்கத்துக் குடும்பங்க.) இதைப் பத்தி பேச பல வழியில முயற்சி பண்ணியாச்சு. வசனத்துலேர்ந்து ஆரம்பிச்சா ஆளுக்கு ஒரு வசனம். லேவியராகமத்துலேர்ந்து ஒருத்தர், ரோமர்லேர்ந்து இன்னொருத்தர். டீ ஆறிப்போய், எல்லாரும் முகத்தைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினாங்க.

வேலை செஞ்சது வேற ஒரு கேள்வி.

"நம்மள்ல யாருக்கெல்லாம் பெங்களூர்ல வீடு இல்லன்னு சொல்லியிருக்காங்க?"

அப்பா! கதவு திறந்த மாதிரி கொட்டினாங்க. "நான்-வெஜ்ஜான்னு கேட்டுட்டு போனை வெச்சுட்டாங்க." "கிறிஸ்டியனா, ஜெபக்கூட்டம் வெச்சு சத்தம் போடுவீங்கன்னாங்க." "என்ன ஆளுங்கன்னு சுத்திச் சுத்திக் கேட்டாங்க, ஜாதியைத்தான் கேட்கிறாங்கன்னு புரிஞ்சு எந்திரிச்சு வந்துட்டோம்." ஒரு அங்கிள் 1991 டிசம்பரைப் பத்திச் சொன்னார். காவிரிக் கலவரம். தமிழ்ல பேசுறது வெளியில கேட்கக் கூடாதுன்னு வீட்டுக்குள்ளயே கிசுகிசுன்னு பேசினாங்களாம். சொல்லும்போது அவருக்குக் குரல் உடைஞ்சுபோச்சு.

அப்போதான் சசி தரூரோட மசோதாவை எடுத்தேன். பாகுபாடு எதிர்ப்பு, சமத்துவ மசோதா, 2016. லோக்சபாவுல தனிநபர் மசோதாவா வந்து, சட்டமாகாமலே காலாவதியாயிடுச்சு. ஆனா அதுல யாரையெல்லாம் காப்பாத்துறாங்கன்னு பட்டியலைப் பாருங்க. ஜாதி இருக்கு. மதம் இருக்கு. மொழி இருக்கு. சாப்பாட்டுப் பழக்கம் இருக்கு. பாலின அடையாளம் இருக்கு. பாலீர்ப்பு இருக்கு. முதலாளியையும் வியாபாரியையும் வீட்டு ஓனரையும் சேர்த்தே கட்டுப்படுத்துற மசோதா. அந்த அங்கிளும், நான்-வெஜ் குடும்பமும், என் தோழியும் ஒரே பட்டியல்ல பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க.

"அப்போ அவங்களை வெட்டிட்டு நம்மளை மட்டும் வெச்சுக்கலாமா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நேர்மையான கேள்வி. கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் அந்த அங்கிளே, "நம்மளை வெட்டணும்னு கேட்கிறவங்க நிறைய பேர் இருக்காங்கம்மா"ன்னார்.

அதுதான் விஷயம். நாம சிறுபான்மை. இந்த மாநிலத்துல 2022ல மதமாற்றத் தடைச் சட்டம் வந்தப்போ நமக்குப் பக்கபலமா எது இருந்துச்சு? மதம் மாறணும்னா 30 நாள் முன்னாடியே மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு எழுதிக் குடுக்கணும்னாங்க. பேராயர் பீட்டர் மச்சாடோ எதிர்த்து நின்னார், கிறிஸ்தவ அமைப்புகள் கோர்ட்டுக்குப் போச்சு. மனசாட்சியும் அந்தரங்கமும் என் சொந்த விஷயம், அரசாங்கம் நுழையக்கூடாதுன்னோம். அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்ன தீர்ப்பு யாரால வந்துச்சு? நம்ம பெங்களூர்க்காரர், ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012ல போட்ட வழக்கு. 2017 ஆகஸ்ட் 24ல ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு. அதுலயே 2013 தீர்ப்பு தப்புங்கிற மாதிரி எழுதி, பாலீர்ப்பும் அந்தரங்க உரிமைக்குள்ள வரும்னாங்க. அது போட்ட பாதையிலதான் அடுத்த வருஷம் 377 விழுந்துச்சு. நான் ஜெபிக்கிற உரிமையும் அவ வாழுற உரிமையும் ஒரே தீர்ப்புல இருக்கு. பாதித் தீர்ப்பை மட்டும் நான் எடுத்துக்கிறேன்னு கேட்க எனக்கு வாய் வரல.

பயமும் சில பேருக்கு உண்மையாவே இருக்கு. "நாளைக்கு நம்ம சபை ஐயரைப் பிடிச்சு இவங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைன்னு கட்டாயப்படுத்துவாங்களே?" இல்ல. 2023 அக்டோபர் 17ல சுப்ரியோ வழக்குல சுப்ரீம் கோர்ட்டு ஒருபால் ஜோடிகளுக்கு அரசாங்கப் பதிவுத் திருமண உரிமையே தரல. கோயில், சர்ச்சு பேச்சு எங்கேர்ந்து வரும்? நாம கேட்கிறது வீடு, வேலை, வைத்தியம், படிப்பு. அமெரிக்காவுல யூட்டா மாநிலத்தைப் பாருங்க. மார்மன் சபைக்காரங்க நிறைஞ்ச இடம். 2008ல கலிஃபோர்னியாவுல ஒருபால் திருமணத்தை நிறுத்த முழு மூச்சா உழைச்ச சபை அது. அதே சபை, 2015ல யூட்டாவுல வேலையிலயும் வீட்டுலயும் இவங்களுக்குப் பாகுபாடு காட்டக்கூடாதுன்னு வந்த சட்டத்தைத் தானே முன்னால நின்னு ஆதரிச்சுச்சு. மத நிறுவனங்களுக்கு விலக்கும் வாங்கிக்கிச்சு. கொள்கை மாறல. பக்கத்து வீட்டுக்காரனை நடத்துற விதம் மாறுச்சு.

அந்த விலக்கு விஷயத்துல எனக்கு ஒரு கறாரான கருத்து இருக்கு. பீடத்துல யாரு நிக்கணும், திருமணத்தை யாருக்கு நடத்தணும்னு சபை முடிவு பண்ணட்டும். ஆனா மிஷன் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கும் கிறிஸ்தவக் காலேஜ் அட்மிஷனுக்கும் விலக்கு கேட்கக் கூடாது. ரத்தம் ஒழுக வந்தவனை யாருன்னு விசாரிச்சுட்டா சமாரியன் கழுதையில ஏத்தினான்? கந்தாகே ராணியோட அண்ணகர் மந்திரி ரதத்துல போகும்போது, பிலிப்பு ஏறி உட்கார்ந்து, வழியில தண்ணியைக் கண்டதும் ஞானஸ்நானம் குடுத்தாரே, அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்துல. அண்ணகர்ங்கிறதைக் காட்டி ஒரு தடைகூட போடல. ஞானஸ்நானமே குடுத்த சபையோட பிள்ளைங்க நாம. நமக்கு ஒரு ரூம் குடுக்க முடியலையா?

தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு இதைத்தான் கடைசி வரைக்கும் கத்தினார். நிறவெறிக்கு எதிரா எந்த விசுவாசத்தோட நின்னாரோ, அதே விசுவாசத்தோட இதுக்கும் நின்னார். தென்னாப்பிரிக்காவோட அரசியல் சட்டம்தான் உலகத்துலயே முதல்முதலா பாலீர்ப்பை வெச்சுப் பாகுபாடு கூடாதுன்னு எழுதுச்சு. அந்த வார்த்தையை அங்கேர்ந்து எடுத்துடக் கூடாதுன்னு கேட்டவர்ல அவரும் ஒருத்தர்.

நம்ம தலித் கிறிஸ்தவங்க, அவங்களைப் பட்டியல் சாதியில சேர்க்காத 1950 ஜனாதிபதி ஆணைக்கு எதிரா எத்தனை தலைமுறையா நிக்கிறாங்க? சட்டத்துல ஒரு வரி இல்லாததால ஒரு குடும்பம் என்ன ஆகும்னு நமக்கு வெளியாளு வந்து பாடம் எடுக்க வேண்டியதில்ல.

இப்போ ஒரு நல்ல நேரமும் வந்திருக்கு. திருநங்கைங்கிறதால ரெண்டு தனியார் பள்ளிக்கூடத்துல வேலை போன ஜேன் கௌஷிக்ங்கிற ஆசிரியையோட வழக்குல, 2025 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டு அவங்களுக்கு நஷ்டஈடு குடுக்கச் சொல்லிச்சு. சம வாய்ப்புக் கொள்கை எழுத, முன்னாள் நீதிபதி ஆஷா மேனன் தலைமையில ஒரு குழுவும் போட்டுச்சு. அந்தக் குழுவுல நம்ம பெங்களூர் அக்கை பத்மசாலி இருக்காங்க, தமிழ்நாட்டு கிரேஸ் பானு இருக்காங்க.

அதனால எங்க ஜெபக்குழுவுல ஒரு கடிதம் எழுதிக்கிட்டு இருக்கோம். எல்லாரும் கையெழுத்துப் போடல. அந்த அங்கிள் போட்டுட்டார். வெட்டிடலாமான்னு கேட்ட அக்கா, "வீடு பத்தின பாராவுக்கு மட்டும்னா போடுறேன்"னாங்க. அதுக்குன்னு தனித்தாளே அடிச்சாச்சு.

வீட்டு ஓனர், குடித்தனக்காரர் உறவு மாநிலமே சட்டம் போடக்கூடிய விஷயம். டெல்லி வரைக்கும் போக வேண்டாம், விதான சௌதாவே செய்யலாம். கர்நாடக வாடகைச் சட்டத்துல, மதம், ஜாதி, மொழி, சாப்பாடு, பாலினம், பாலீர்ப்பு பார்த்து வீடு மறுக்கக்கூடாதுன்னு ஒரு பிரிவு. மறுத்தா அபராதம். புகார் குடுக்க வக்கீல் இல்லாமலே போற மாதிரி ஒரு இடம். இதான் முதல் பாரா. ரெண்டாவது பாரா மத்திய அரசுக்கு: 2019 திருநர் சட்டத்தோட 3வது பிரிவை மீறினாலும் தண்டனை உண்டுன்னு சேர்க்கணும்.

கடிதம் தமிழ்ல இருக்கு, கன்னடத்துல ஒரு தங்கச்சி எழுதிக்கிட்டிருக்கா. பெங்களூர்ல எந்தச் சபையில நீங்க இருந்தாலும், பாஸ்டரேட் கமிட்டியிலயோ பெண்கள் ஐக்கிய சங்கத்துலயோ வாலிபர் கூட்டத்துலயோ இதை வாசிக்க முடியும்னா எனக்கு ஒரு வரி எழுதுங்க, அனுப்புறேன். ஒத்துக்காதவங்களும் எழுதுங்க. அந்த அக்காவுக்குச் செஞ்ச மாதிரி உங்களுக்கும் தனித்தாள் அடிச்சுத் தர்றேன்.

தோழிக்கு இன்னும் வீடு கிடைக்கல. தொம்மலூர், ஈஜிபுரா, கோடிஹள்ளிப் பக்கம் ஒரு பெட்ரூம் வீடு, தண்ணி வசதியோட இருந்தா அதையும் எழுதுங்க.